சிவில் படிச்சா சைட் மட்டும்தானா? உங்க குணத்துக்கு ஏத்த வேலை எது?

சிவில் இன்ஜினியரிங் முடித்த பலருக்கு முதலில் கிடைப்பது சைட் வேலை. அது ஒத்துவரவில்லை என்றதும், 'இந்த ஃபீல்டே நமக்கு செட் ஆகாது' என்று ஐ.டி. பக்கம் போய்விடுபவர்கள் உண்டு. ஆனால் கட்டுமானத் துறைக்குள் வேலைகள் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தைக் கேட்கும்.

சைட் இன்ஜினியர்: மேஸ்திரி, கம்பி கட்டுபவர், கான்ட்ராக்டர் என எல்லோரிடமும் பேசி வேலை வாங்க வேண்டும். திடீர் மழையில் அன்றைய திட்டமே மாறும். ஆட்களோடு பழகப் பிடித்தவர்களுக்கு இது சரி.

பிளானிங், குவான்டிட்டி சர்வே: கால அட்டவணை, அளவு, பில். தனியாக உட்கார்ந்து எண்களோடு மல்லுக்கட்டுபவரா? இங்கே வாங்க.

தரக் கட்டுப்பாடு: எம்25 கான்கிரீட் என்றால், அதன் 150 மி.மீ. கியூப் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும் என்பது கணக்கு. டெஸ்ட் ஃபெயில் ஆனால், யார் நெருக்கினாலும் கையெழுத்துப் போடாத உறுதி வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரி: 250 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கட்டுமானப் பணிக்கு இவரை நியமிக்கச் சொல்கிறது 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. 'வேலையை நிறுத்துங்க' என்று சொல்லத் தயங்கினால் உயிர் போகலாம்.

கூச்ச சுபாவமா? கவலை வேண்டாம். பாரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா வகை வேலைக்கும் கைகொடுத்த குணம் பொறுப்புணர்வுதான். கலகலப்பு முக்கியமாக மேனேஜர், விற்பனை வேலைகளுக்கே உதவியது. அதனால் துறையை விடும் முன், பிரிவை மாற்றிக் கேட்டுப் பாருங்க.