கள்ளுக்கடை மறியலிலிருந்து வயது வரம்பு வரை: சிங்கப்பூர், மலாயாத் தமிழரிடையே மதுத் தடுப்பு முயற்சிகள்

சிங்கப்பூர்த் தமிழரையும் மதுவையும் சேர்த்துப் பேசினால், பலரின் நினைவு 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவுக்கே போகும். ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழக ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து லிட்டில் இந்தியாவில் கலவரம் வெடித்தது. ஆனால் மதுவை எதிர்த்துத் தமிழர் எடுத்த முயற்சிகளுக்கு அந்த இரவைவிட மிக நீண்ட வரலாறு உண்டு. அரசு மதுவைக் கடை, நேரம், இடம் என்ற அளவுகளால் கட்டுப்படுத்தி வந்தது. இளையரைக் குடியிலிருந்து காக்கும் வேலையை முதலில் கையில் எடுத்தவை சங்கங்களும் தொண்டர்களுமே என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. உரிமத்தோடு நடந்த அக்கடைகளின் லாபம் தனி நிதியாகச் சேர்ந்தது. அந்நிதி தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்படுவதாகச் சொல்லப்பட்டது. கூலியாகப் போன பணம் கள்ளின் விலையாகத் திரும்பி வந்தது. அதில் ஒரு பகுதி 'நலன்' என்ற பெயரில் மீண்டும் தொழிலாளியிடம் நீட்டப்பட்டது. இந்தச் சுழற்சியைப் புரிந்துகொள்ளாமல் பிற்காலப் போராட்டங்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது. குடி தனிமனிதக் குறையாக மட்டும் இருந்திருந்தால் அறிவுரையே போதுமானதாக இருந்திருக்கும். அதை ஓர் ஏற்பாடாகக் கண்டவர்கள்தான் கடை வாசலில் போய் நின்றார்கள்.

போதைக்கு எதிராகச் சமூகமே அமைப்பாகத் திரள்வது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. சீனச் சமூகத்தில் டாக்டர் லிம் பூன் கெங் போன்றோர் முன்னின்று 1906இல் அபின் எதிர்ப்புச் சங்கம் கண்டனர். தமிழரிடையே அத்தகைய வேகம் 1929க்குப் பிறகு வந்தது. காந்தியின் மதுவிலக்குக் குரலை ஏற்று தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூர் வரை பயணம் செய்தார். 1930களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' சீர்திருத்தக் கருத்துகளுக்கு மேடையாயிற்று. கல்வி, தன்மதிப்பு, சாதி மறுப்பு ஆகியவற்றோடு குடி ஒழிப்பும் ஒரே மூச்சில் பேசப்பட்ட காலம் அது. 1936இல் உருவான மலாய மத்திய இந்தியர் சங்கமும் கள்ளுக்கு எதிராகக் குரல் கொடுத்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

இவ்வரலாற்றில் இளையரின் பங்கு கெடா மாநிலத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1943 ஜூலையில் சிங்கப்பூர்ப் பாடாங் திடலில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அவர் அழைப்பை ஏற்றுத் தோட்டத் தமிழர் பலர் அந்தப் படையில் சேர்ந்தனர். அதுவரை தோட்ட நிர்வாகத்தின் முன் தலைகுனிந்து நின்றவர்கள் சீருடையும் ஒழுங்கும் பழகினார்கள். போர் முடிந்ததும் அந்தப் பழக்கம் வேறு வேலைக்குப் பயன்பட்டது. பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. அதன் இளைஞர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று குடிப்பவர்களைத் தட்டிக் கேட்டனர், கள்ளுக்கடைகளை மறித்தனர். 1947இல் காவல்துறை தலையிட்டது. மோதல்களில் தொழிலாளர் உயிரிழந்தனர், சாமி கைது செய்யப்பட்டார். படையின் முறைகளில் கடுமை இருந்தது உண்மை. ஆனாலும் தங்கள் தலைமுறை குடியில் அழியக் கூடாது என்று இளைஞர்களே எடுத்த முடிவு அது. வெளியிலிருந்து யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை.

போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் இந்தப் பணி அமைதியான வழிகளில் சென்றது. மதுவைக் காய்ச்சாதே, கொடுக்காதே, குடிக்காதே என்று போதித்த நாராயண குருவின் பெயரில் 1948இல் ஸ்ரீ நாராயண மிஷன் தோன்றியது. பின்னாளில் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும், சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் இளையர் பணியைத் தம் கடமைகளுள் ஒன்றாக்கிக்கொண்டன.

2013 கலவரம் மதுவைப் பொது ஒழுங்குப் பிரச்சினையாக மாற்றியது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, மதுபோதை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என 2014இல் கண்டறிந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் குடிப்பதைத் தடை செய்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு மண்டலங்களாயின. லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுவதும் பொது இடத்தில் குடிக்க முடியாது. 18 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்கும் உரிமதாரருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

இச்சட்டம் லிட்டில் இந்தியாவின் நடைபாதைகளை அமைதிப்படுத்தியது. ஆனால் வயது வரம்பு கடையின் கல்லாவோடு நின்றுவிடுகிறது. பிறந்தநாள் விருந்திலோ தீபாவளி ஒன்றுகூடலிலோ மாமாவோ சித்தப்பாவோ பதினைந்து வயதுப் பையனிடம் நீட்டும் குவளையைத் தடுக்க அங்கே அதிகாரி யாரும் இல்லை. அந்த இடத்தில் அவனைத் தடுக்கக்கூடியவர்கள் பெற்றோரும் கூட்டாளிகளும்தான்.

கூட்டாளிகளின் இந்தச் செல்வாக்கை மது நிறுவனங்களும் அறியும். 2007இல் ஏசியா பசிபிக் புரூவரிஸ் அறக்கட்டளையின் ஆதரவோடு, இளையரே இளையரிடம் அளவான குடியைப் பற்றிப் பேசும் இயக்கம் ஒன்று தொடங்கியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்பது நல்ல செய்தி, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பீர் விற்பவரின் ஆதரவில் நடக்கும் இயக்கத்தால் 'இந்த வயதில் வேண்டவே வேண்டாம்' என்று முழுக் குரலில் சொல்ல முடியுமா? கள் லாபத்திலிருந்து தொழிலாளர் நலன் பார்த்த தோட்டக் காலத்து நிதியின் மீது எழுந்த அதே ஐயம் இங்கும் எழுவது நியாயமே.

எனவே இளையரிடையே மதுத் தடுப்பைத் திட்டமிடும் நற்பணிச் செயற்குழுக்களும் கோயில்களும் பள்ளிகளும் மது நிறுவனங்களின் பணத்தைத் தவிர்க்க வேண்டும். திட்டத்தின் பொறுப்பைப் பதினாறு, பதினேழு வயதினரிடமே கொடுக்க வேண்டும். பெற்றோரும் தங்கள் வீட்டு விருந்துகளில் பிள்ளைகளின் கைக்கு மது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.