அக்காவின் கோபன்ஹேகன் பயணமும் ஒரு பழைய கணக்கும்

போன மாதம் அக்கா வாட்ஸப்பில் ஒரு பயணத் திட்டத்தை அனுப்பியிருந்தாள். மாமா ஓய்வு பெற்றுவிட்டார். திருமணமாகி முப்பது வருஷம். "ஒரே ஒரு தடவை, கணக்குப் பார்க்காம செலவு பண்ணிப் போயிட்டு வர்றோம்டா. நீதான் சரித்திரம் அது இதுன்னு எழுதறியே, ஏதாவது விட்டுப்போச்சான்னு பாரு" என்றாள்.

திட்டம் நன்றாகவே இருந்தது. ஜூன் கடைசியில் ஐந்து நாள். அப்போது அங்கே பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல். முதல் இரண்டு இரவு கோபன்ஹேகன் துறைமுகத்தில், பழைய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய ஹோட்டல். பிறகு வடக்கே கடலை ஒட்டிய சாலையில் காரில் பயணம். வழியில் மான் பூங்கா, ஸ்கோட்ஸ்போரில் ஸ்பா, லூசியானா கலை அருங்காட்சியகம். முடிவில் ஹெல்சிங்கோரில் குரோன்போர் கோட்டை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நடக்கிற இடம்.

நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் அது கட்டப்பட்ட வருஷத்தை எழுதிக்கொண்டே வந்தேன். துறைமுகப் பகுதி மட்டும் ஒரு மாதிரியாக இருந்தது. எதிர்க்கரையில் ஆசியக் கம்பெனியின் தலைமையகம், 1738. அதன் கிடங்கு, 1750. அமாலியன்போர் அரண்மனைச் சதுக்கத்தில் மன்னர் ஐந்தாம் ஃப்ரெடெரிக்கின் குதிரைச் சிலை, 1771. மேற்கிந்தியக் கிடங்கு, 1781. இன்று அட்மிரல் ஹோட்டலாக இருக்கும் கிடங்கு, 1787. நியூஹவுன் கால்வாய் முனையில் இன்னொரு ஹோட்டலாகிவிட்ட கிடங்கு, 1804. எல்லாம் ஒரே எழுபது வருஷத்துக்குள். அதற்கப்புறம் சட்டென்று நின்றுவிடுகிறது.

ஏன்?

டென்மார்க் வரலாற்றில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் செழித்த வணிகக் காலம் என்பார்கள். செழிப்புக்குக் காரணம் சண்டை. அதுவும் அடுத்தவர்கள் போட்ட சண்டை. பிரிட்டனும் பிரான்ஸும் ஹாலந்தும் கடலில் ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தபோது, டென்மார்க் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தது. நடுநிலை நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் சரக்கு ஏற்றினால் ஆபத்து குறைவு. எல்லா நாட்டு வியாபாரிகளும் அந்தக் கொடியைத் தேடி வந்தார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர் கதைக்குள் வருகிறது. தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அனுமதி கொடுத்த ஊர். தங்கத் தகட்டில் தமிழில் எழுதி டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் மிளகு ஆசையில் வந்தவர்கள், போகப்போகப் பருத்தித் துணிக்கு மாறினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு சரக்கும் சேர்ந்தது. அது பணம்.

இங்கிலாந்துக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் இந்தியாவில் நேர்வழியிலும் குறுக்குவழியிலும் சம்பாதித்ததைத் தம் சொந்தக் கம்பெனியின் கண்ணில் படாமல் ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தரங்கம்பாடியிலும் வங்காளத்து சீராம்பூரிலும் இருந்த டேனிஷ் வியாபாரிகளிடம் பணத்தைக் கொடுத்து, ஐரோப்பாவில் மாற்றிக்கொள்ள உண்டியல் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் துணி வாங்கிக் கப்பலேற்றி, கோபன்ஹேகனில் ஏலத்தில் விற்பார்கள். நம்ம ஊர் உண்டியல் வியாபாரம் மாதிரியேதான், அளவு மட்டும் பெரிசு. அமாலியன்போரில் எல்லோரும் நின்று படம் எடுக்கிற அந்தக் குதிரைச் சிலைக்குப் பணம் கொடுத்தது அரசாங்கம் இல்லை, ஆசியக் கம்பெனி.

இது கணக்கின் ஒரு பக்கம். மேற்கிந்தியக் கிடங்குக்குத் தரங்கம்பாடிச் சரக்கு வரவில்லை. அங்கே வந்தது கரீபியன் தீவுகளான செயின்ட் குரோய், செயின்ட் தாமஸ், செயின்ட் ஜானின் சர்க்கரை. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட அடிமைகள். டேனிஷ் கப்பல்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கினியா கரையில் அவர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் துப்பாக்கி, சாராயத்தோடு இந்தியப் பருத்தித் துணியும் உண்டு. நம் கரையில் நெய்த துணி, அக்ரா பக்கம் போய் மனிதர்களாக மாறி, கரீபியனில் சர்க்கரையாகி, கோபன்ஹேகனில் கட்டடமாக நிற்கிறது.

இப்போது கடலோரச் சாலைக்கு வருவோம். அக்காவின் திட்டத்தில் "அழகான வில்லாக்களைப் பார்த்தபடி பயணம்" என்று ஒரு வரி இருந்தது. கோபன்ஹேகனிலிருந்து ஹெல்சிங்கோர் வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். இடதுபுறம் தோட்டங்கள், வலதுபுறம் ஓரெசுண்ட் நீரிணை, எதிரே ஸ்வீடன். கோடைக்கு நகரத்தை விட்டு இந்தக் கரைக்கு வந்து தங்குவதை ஒரு பெருமையான பழக்கமாக ஆக்கியவர்கள் அரச குடும்பமும், அவர்களுக்குப் பின்னாலேயே வந்த இந்த வியாபாரிகளும்தான். ஹெல்லரூப்பில் ஓரகோர் என்று ஒரு வெள்ளை மாளிகை. 1808-இல் முடித்தது, இப்போது அருங்காட்சியகம். கட்டிக்கொண்டவர் செயின்ட் குரோயில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த வியாபாரி.

அந்தக் காலத்தை ஒரே குடும்பத்தில் பார்க்க வேண்டுமானால் ஷிம்மெல்மன் குடும்பத்தைப் பார்க்கலாம். அப்பா ஹைன்ரிக் கார்ல் ஜெர்மனியிலிருந்து வந்தவர். போரில் பிரஷ்ய ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்துப் பணம் சேர்த்தவர். டென்மார்க் மன்னரின் நிதிப் பொறுப்பை ஏற்று, மன்னருக்குச் சொந்தமாக இருந்த கரீபியன் தோட்டங்களையே வாங்கிவிட்டார். கோபன்ஹேகனில் சர்க்கரை ஆலை. வடக்கே ஹெலபெக் என்ற கடலோர ஊரில் துப்பாக்கித் தொழிற்சாலை. துப்பாக்கி ஆப்பிரிக்காவுக்கு, ஆட்கள் தீவுக்கு, சர்க்கரை ஆலைக்கு. எல்லாக் கட்டத்திலும் காசு ஒரே வீட்டுக்கு.

மகன் எர்ன்ஸ்ட் வேறு மாதிரி ஆள். கவிஞர்களுக்கும் தத்துவத்துக்கும் நெருங்கியவர். 1791 ஜூனில் அவர் நண்பர்கள் ஹெலபெக் கரையில் கூடினார்கள். ஜெர்மன் கவிஞர் ஷில்லர் இறந்துவிட்டார் என்று வந்த செய்தி விருந்தை அஞ்சலிக் கூட்டமாக மாற்றிவிட்டது. அவருடைய ‘களிப்புக்கு ஒரு பாடல்’ கடல் பார்த்த அந்தக் கரையில் ஒலித்தது. பிறகுதான் தெரிந்தது, ஷில்லர் சாகவில்லை; நோயிலும் கடனிலும் கிடக்கிறார். எர்ன்ஸ்டும் அவுகுஸ்டன்போர் கோமகனும் சேர்ந்து, மூன்று வருஷத்துக்கு வருஷம் ஆயிரம் தாலர் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அந்த நன்றியில்தான் ஷில்லர், மனிதனின் விடுதலைக்கு அழகுணர்ச்சி எப்படி வழி காட்டும் என்ற தன் புகழ்பெற்ற கடிதங்களைக் கோமகனுக்கு எழுதத் தொடங்கினார். விடுதலை பற்றிய அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துப் பணமும் இருக்கிறது.

எர்ன்ஸ்டைச் சும்மா கெட்டவன் என்று தள்ளிவிடவும் முடியாது. நிதியமைச்சராக இருந்து, அடிமை வணிகத்தைத் தடை செய்யும் 1792 ஆணைக்கு முன்னின்றவர் அவரே. ஆனால் ஆணை நடைமுறைக்கு வந்தது 1803-இல். இடைப்பட்ட பத்து வருஷத்தில் தோட்டக்காரர்கள் இன்னும் நிறைய அடிமைகளை வாங்கிக்கொள்ள அரசே கடன் கொடுத்தது. இருந்த அடிமைகளுக்கு விடுதலை கிடைக்க 1848 வரை, அதுவும் அவர்களே செயின்ட் குரோயில் திரண்டு எழும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல மனசும் பெரிய வருமானமும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பத்து வருஷம் சாட்சி.

செழிப்பு நின்றது 1807-இல். நெப்போலியன் கையில் டேனிஷ் கடற்படை போய்விடும் என்று பயந்த பிரிட்டன், கோபன்ஹேகன் மீது குண்டு வீசி, கப்பல்களை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு போனது. 1813-இல் அரசே திவால். பெரிய வியாபாரக் குடும்பங்கள் விழுந்தன. 1845-இல் தரங்கம்பாடியும் சீராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலாந்துக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. தீவுகள் 1917-இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்குப் போயின. கிடங்குகளும் மாளிகைகளும் மட்டும் மிஞ்சின. அவற்றில்தான் இன்றைய சொகுசு குடியிருக்கிறது.

இதோடு முடித்தால் கதை பாதிதான். இந்தக் கரை பிற்பாடு யார் கைக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

மான் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1670 வாக்கில் ராஜா வேட்டையாடுவதற்காக வேலி போட்டபோது, உள்ளே இருந்த ஸ்டோக்கரூப் என்ற கிராமத்தையே காலி செய்தார்கள். குடியானவர்கள் வெளியே, மான்கள் உள்ளே. 1756-இல் ஐந்தாம் ஃப்ரெடெரிக் பூங்காவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். இன்றும் நுழைவுக் கட்டணம் கிடையாது. 1863-இல் கிளாம்பென்போர் வரை ரயில் வந்தது, 1897-இல் ஹெல்சிங்கோர் வரை. வண்டியும் குதிரையும் வைத்திருந்தவர்களின் கரை, டிக்கெட் வாங்க முடிந்தவர்களின் கரை ஆயிற்று. 1932-இல் கிளாம்பென்போரில் பெல்வ்யூ என்ற பொதுக் கடற்கரை திறந்தது. நீலக் கோடு போட்ட காவல் கோபுரங்கள், உடை மாற்றும் அறைகள், எல்லாம் ஆர்னே யாகப்சன் வடிவமைத்தவை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அந்தக் கட்டடக் கலைஞரின் ஆரம்பகால வேலை, ஊர் ஜனங்கள் குளிக்கிற இடம். 1938-இல் வந்த சட்டம் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு வருஷத்துக்கு இரண்டு வார விடுமுறை தந்தது. கடற்கரை திறந்து ஆறு வருஷத்தில், அங்கே போக நாளும் கிடைத்தது.

ஷிம்மெல்மன் காலத்தில் ஒரு சில வீடுகளுக்கு மட்டும் இருந்த கோடை, சட்டத்தாலும் ரயிலாலும் எல்லோருக்கும் வந்தது. அந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இதுதான். தீவுகளில் வேலை செய்தவர்களுக்கு அதில் பங்கு வந்ததா என்றால், வரவில்லை. 2018-இல் மேற்கிந்தியக் கிடங்கின் முன்னால் ஒரு கறுப்பினப் பெண்ணின் ஏழு மீட்டர் உயரச் சிலையை வைத்தார்கள். ‘நான்தான் குயின் மேரி’ என்று பெயர். 1878-இல் செயின்ட் குரோயில் நடந்த கூலியாட்களின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, கோபன்ஹேகன் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட மேரி தாமஸின் நினைவு அது. கடன் தீரவில்லை, பேரேட்டில் பெயராவது ஏறியது.

அக்காவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த ஹோட்டலை மாத்திடவா?" என்றாள்.

"வேண்டாம்க்கா. அங்கேயே தங்குங்க. இருநூறு வருஷத்துக்கு மேலான மர உத்திரங்கள் அப்படியே தெரியும், நல்லாப் பாருங்க. காருக்குப் பதிலா ஒரு நாள் கடலோர ரயில்ல போங்க. பெல்வ்யூல இறங்கி ஊர் ஜனங்களோட கால் நனைங்க. கடைசி நாள் குரோன்போர் பார்த்துட்டு, இன்னும் அஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஹெலபெக் போங்க. துப்பாக்கித் தொழிற்சாலையோட தண்ணீர்ச் சக்கர ஆலை அங்க இன்னும் இருக்கு."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "தரங்கம்பாடி கோட்டைக்கு நாம போய் எத்தனை வருஷமாச்சு?"

கோபன்ஹேகன் பயணம் ஜூனில். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தரங்கம்பாடி போவதாக முடிவாகியிருக்கிறது. சாப்பாடு அக்கா கட்டிக்கொண்டு வருகிறாள்.