கவர்னர் முதல் இன்ஜங்ஷன் வரை... அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி வரும் சொற்களுக்கு உண்மையான அர்த்தம் என்ன?

2025 ஜனவரி 20. அமெரிக்க அதிபராக மீண்டும் பதவியேற்ற அன்றே, பிறப்பால் கிடைக்கும் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் உத்தரவில் டொனால்ட் ட்ரம்ப் கையெழுத்திட்டார். மூன்றே நாளில் சியாட்டில் நகர நீதிபதி ஒருவர் அதை நிறுத்திவைத்தார். ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ட்ரம்ப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததாகச் செய்தி வந்தது. ஜூலையில் இன்னொரு நீதிபதி மறுபடியும் நிறுத்தினார். ‘அப்போ அந்த உத்தரவு இருக்கா, இல்லையா?’ என்று தலை சுற்றும்தானே?

உங்கள் அக்காவோ அண்ணனோ ஹெச்-1பி விசாவில் அங்கே இருந்து, வீட்டில் ஒரு குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், இது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. அந்த உத்தரவின்படி, அம்மா தற்காலிக விசாவில் இருந்து, அப்பாவுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லையென்றால், குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. இப்படிப்பட்ட செய்திகளைப் பதற்றமில்லாமல் படிக்க, சில சொற்களைத் தெரிந்துவைத்திருந்தாலே போதும்.

தெரிந்த வார்த்தை, வேறு அர்த்தம்

முதலில், நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுபோல இருந்து ஏமாற்றும் வார்த்தைகளைப் பார்த்துவிடலாம்.

காங்கிரஸ்: இது கட்சி இல்லை, நாடாளுமன்றம். இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், பதவிக்காலம் 2 வருடம். செனட்டில் மாநிலத்துக்கு 2 பேர் வீதம் 100 பேர், பதவிக்காலம் 6 வருடம். சின்ன மாநிலம், பெரிய மாநிலம் என்ற கணக்கே செனட்டில் கிடையாது.

செக்ரட்டரி: நம்ம ஊரில் செயலாளர் என்றால் ஐ.ஏ.எஸ் அதிகாரி. அங்கே செக்ரட்டரி என்றால் அமைச்சர். ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்பவர்தான் வெளியுறவு அமைச்சர். ஆனால், இவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்க முடியாது. அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும்.

கவர்னர்: டெல்லியிலிருந்து நியமிக்கப்படுபவர் மாதிரி நினைத்துவிடாதீர்கள். மாநில மக்கள் நேரடியாக ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்குச் சமமானவர்.

அட்டர்னி ஜெனரல்: இந்தியாவில் இவர் அரசின் தலைமை வழக்கறிஞர். அங்கே நீதித்துறையையே நிர்வகிக்கும் அமைச்சரவை உறுப்பினர். எஃப்.பி.ஐ இவரது துறையின் கீழ்தான் வருகிறது.

துணை அதிபர்: செனட்டின் தலைவரும் இவர்தான். ஓட்டு சமமாகப் பிரிந்தால் மட்டும் இவர் வாக்களிக்கலாம். திருவாரூர் மாவட்டத்தின் துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ், இப்படி 33 முறை வாக்களித்தார். வேறு எந்தத் துணை அதிபரும் இத்தனை முறை வாக்களித்ததில்லை.

அதிபர் சொன்னால் சட்டமா?

சட்டம் இயற்றுவது காங்கிரஸின் வேலை. ஒரு மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறி, அதிபர் கையெழுத்திட்டால்தான் சட்டம்.

வீட்டோ: மசோதா பிடிக்கவில்லை என்றால் அதிபர் திருப்பி அனுப்பலாம். ஆனால், இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால், அதிபரை மீறியே அது சட்டமாகிவிடும்.

ஃபிலிபஸ்டர்: செனட்டில் விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தடிக்கும் உத்தி. அதை முடித்துவைக்க 60 ஓட்டு வேண்டும். அதனால்தான் 51 பேர் கையில் இருந்தும் ஆளுங்கட்சி பல நேரம் திணறுகிறது.

எக்ஸிகியூட்டிவ் ஆர்டர்: அதிபர், தன் கீழ் இருக்கும் துறைகளுக்குப் போடும் உத்தரவு. ஏற்கெனவே இருக்கும் சட்டமோ அரசியலமைப்போ தரும் அதிகாரத்துக்குள் இருந்தால்தான் செல்லும். அடுத்து வரும் அதிபர் ஒரு கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம்.

ப்ராக்ளமேஷன்: அதிபரின் பிரகடனம். 2025 செப்டம்பரில் ஹெச்-1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு இப்படித்தான் வந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவர்கள் அவசர அவசரமாக விமான டிக்கெட் தேடினார்கள். மறுநாள்தான், அது புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும் என்று வெள்ளை மாளிகை விளக்கியது.

ஷட்டவுன்: நிதி ஆண்டு தொடங்கும் அக்டோபர் 1-க்குள் காங்கிரஸ் நிதி ஒதுக்காவிட்டால், அரசின் பல துறைகள் முடங்கும். 2025-ல் இப்படி 43 நாள்கள் முடங்கியது. அதுவரை இருந்ததிலேயே நீளமான ஷட்டவுன் அதுதான்.

இம்பீச்மென்ட்: ‘பதவி நீக்கம்’ என்று மொழிபெயர்ப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையில் இது குற்றச்சாட்டு மட்டுமே. பிரதிநிதிகள் சபை குற்றம்சாட்டும், செனட் விசாரிக்கும். அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் பதவி போகும். ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளின்டன், இரண்டு முறை ட்ரம்ப் என இம்பீச் செய்யப்பட்ட யாருமே செனட்டில் பதவி இழக்கவில்லை. நிக்சன், ஓட்டெடுப்புக்கு முன்பே 1974-ல் ராஜினாமா செய்துவிட்டார்.

கோர்ட் படிக்கட்டு

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் தனி, ஃபெடரல் நீதிமன்றங்கள் தனி. ஃபெடரலில் மூன்று படிகள்.

கீழே டிஸ்ட்ரிக்ட் கோர்ட், மொத்தம் 94. நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், 13. இவற்றைத்தான் ‘சர்க்யூட்’ என்பார்கள். தலைநகர் வாஷிங்டனின் செல்வாக்கு மிக்க டி.சி சர்க்யூட்டுக்கு 2020-ல் தலைமை நீதிபதியான ஸ்ரீ ஸ்ரீனிவாசனின் குடும்பப் பூர்வீகம் நம்ம திருநெல்வேலி. உச்சியில் 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம். இவர்களுக்கு ஓய்வு வயது கிடையாது, ஆயுள் வரை பதவி. ஒரு அதிபர் நியமித்த நீதிபதி, அவர் போன பிறகும் பல வருடங்கள் தீர்ப்பு எழுதுவார்.

இப்போது அந்தக் குடியுரிமை வழக்கையே வரிசையாகப் பார்த்தால், கோர்ட் வார்த்தைகள் எல்லாம் தானாகப் புரியும்.

டி.ஆர்.ஓ: அவசரத் தற்காலிகத் தடை. பொதுவாக 14 நாள்தான். சியாட்டில் நீதிபதி ஜான் கோஹனோர் ஜனவரி 23 அன்று போட்டது இதுதான்.

இன்ஜங்ஷன்: தடையாணை. வழக்கு முடியும்வரை நீடிக்கும் ‘ப்ரிலிமினரி இன்ஜங்ஷன்’ பிப்ரவரியில் வந்தது. அது நாடு முழுக்கச் செல்லுபடியானது.

ஸ்டே: கீழ் நீதிமன்ற உத்தரவை மேல் நீதிமன்றம் நிறுத்திவைப்பது. ‘தடைக்குத் தடை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு இதைக் கேட்டுத்தான் உச்ச நீதிமன்றம் போனது. ஜூன் 27 அன்று 6-3 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு, ‘வழக்கு போட்டவர்களைத் தாண்டி நாட்டுக்கே தடை போட, கீழ் நீதிமன்றங்களுக்குப் பொதுவாக அதிகாரம் இல்லை’ என்றது. கவனியுங்கள், குடியுரிமை உத்தரவு சரியா தவறா என்று அது சொல்லவே இல்லை. பலர் தவறாகப் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான்.

கிளாஸ் ஆக்‌ஷன்: ஒரே பாதிப்பு உள்ள எல்லோருக்குமாகச் சேர்த்துப் போடும் வழக்கு. ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி, பாதிக்கப்படக்கூடிய குழந்தைகள் எல்லோரையும் ஒரே தரப்பாக ஏற்று, உத்தரவை மீண்டும் நிறுத்தினார்.

செர்ஷியோரரி: ‘எங்கள் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று உச்ச நீதிமன்றத்திடம் கேட்கும் மனு. 9 பேரில் 4 பேர் சரி என்றால் எடுத்துக்கொள்வார்கள். இந்த விவகாரத்தை 2025 டிசம்பரில் எடுத்துக்கொண்டார்கள். மனு ஏற்கப்பட்டது என்றால் விசாரிக்கச் சம்மதம் என்றுதான் அர்த்தம், வெற்றி என்று அல்ல.

கிரிமினல் செய்திகளில்...

கிராண்ட் ஜூரி: 16 முதல் 23 பொதுமக்கள். வழக்கு தொடர ஆதாரம் போதுமா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இன்டைட்மென்ட்: கிராண்ட் ஜூரி ஒப்புக்கொண்ட குற்றப்பத்திரிகை. இதைத் ‘தண்டனை’ என்று எழுதினால் தப்பு. குற்றவாளியா இல்லையா என்று சொல்வது விசாரணை ஜூரி, அதுவும் ஒருமனதாக.

பிளீ பார்கெயின்: குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரம். ஃபெடரல் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றத்தை ஒப்புக்கொள்வதிலேயே முடிகின்றன. குடியுரிமை இல்லாதவர்கள் இதில் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும். சிறைக்குப் போகாமல் தப்பினாலும், ஒப்புக்கொண்ட குற்றமே நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம்.

ஃபார்வர்டு செய்வதற்கு முன்...

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், நாலு கேள்வி கேளுங்கள். செய்தது யார், காங்கிரஸா அதிபரா? எந்தப் படியில் இருக்கும் கோர்ட்? இது தற்காலிகத் தடையா, இறுதித் தீர்ப்பா? யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து? இந்த நாலுக்கும் பதில் இல்லாத செய்தியைப் பார்த்து டிக்கெட்டை ரத்து செய்யவோ, அக்காவுக்கு பதறிப்போய் போன் போடவோ வேண்டாம். முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், அங்கே இருக்கும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள்.