உடந்தை: ஒரு வக்கீலின் நாவலும் ஒரு சட்டப் பிரிவும்

ஃபெர்டினான்ட் ஃபான் ஷிராக் பெரிய நாவலாசிரியர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2011-இல் வெளிவந்த அவருடைய 'கொலினி வழக்கு' சிறிய நாவல். அதில் வரும் காதல் வேண்டாதது. பாத்திரங்களில் பாதிப்பேர் கோர்ட்டுக் கதைகளில் நாம் ஏற்கெனவே சந்தித்தவர்கள். ஆனாலும் குற்றம், பழி, நீதி பற்றி நம் காலத்தில் எழுதப்பட்டவற்றில் இதை ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். காரணம் இலக்கியார்த்தமானது மட்டும் அல்ல. துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபடுவான். இங்கே பிடிபடுவது ஒரு சட்டப் பிரிவு. அதுவும் கற்பனைப் பிரிவு அல்ல, 1968-இல் மேற்கு ஜெர்மனியின் சட்டப் புத்தகத்தில் நிஜமாகவே ஏறியது.

ஷிராக் 1964-இல் மியூனிக்கில் பிறந்தவர். 1994 முதல் பெர்லினில் கிரிமினல் வக்கீல். கிழக்கு ஜெர்மனியின் அரசியல் குழு உறுப்பினர்கள் மீதான வழக்கில் குன்டர் ஷபோவ்ஸ்கிக்காக வாதாடியவர். 2009-இல் 'குற்றம்' என்ற கதைத்தொகுதி வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. அடுத்த ஆண்டு வந்த தொகுதியின் தலைப்பு 'ஷுல்ட்'. குற்றப்பொறுப்பு, கடன் இரண்டுக்கும் ஜெர்மனில் அந்த ஒரே சொல்தான். நம்முடைய 'பழி'யும் இப்படி இரண்டு பக்கம் பார்க்கிற சொல். பழியைச் சுமக்கிறவனும் உண்டு, பழியைத் தீர்த்துக்கொள்கிறவனும் உண்டு.

இரண்டாம் தொகுதியின் முதல் கதையே ஷிராக்கின் உலகத்துக்குப் போதுமான அறிமுகம். ஊர்த் திருவிழாவில் வாத்தியம் வாசிக்க வந்த ஆண்கள் ஒரு பெண்ணைச் சீரழிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் அதில் சேராமல் போலீசைக் கூப்பிட்டிருக்கிறான். அவன் யார் என்று தெரியவில்லை, தடயங்களும் கெட்டுப்போய்விட்டன. எல்லோரும் வாய் திறக்காமலிருந்தால் எவனையும் தண்டிக்க முடியாது. அப்படி வாய் திறக்காமல் இருக்கச் சொல்வது வக்கீல்களின் வேலை. புதிதாகத் தொழிலுக்கு வந்த இருவர் அதைச் சரியாகச் செய்துவிட்டு ரயிலில் பேச்சில்லாமல் திரும்புகிறார்கள். சட்டம் எங்கேயும் மீறப்படவில்லை. கதையின் பயங்கரம் அதுதான்.

நாவலில் இதே தர்க்கம் ஒரு தேசத்தின் அளவுக்கு விரிகிறது. ஃபாப்ரிட்சியோ கொலினி இத்தாலியன். பல ஆண்டுகள் ஜெர்மனியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீண் பேச்சு இல்லாத ஆள். ஒருநாள் பெர்லினில் அட்லான் ஹோட்டலுக்குப் போய் ஹான்ஸ் மையர் என்ற கிழத் தொழிலதிபரைச் சுட்டுக் கொல்கிறான். பிறகு போலீஸ் வரும்வரை உட்கார்ந்திருக்கிறான். காரணம் சொல்ல மறுக்கிறான். அவனுக்குக் கோர்ட் நியமிக்கும் வக்கீல் காஸ்பர் லைனன், தொழிலுக்கு வந்து சில வாரங்களே ஆனவன். கொல்லப்பட்டவர் தன் பால்யகால நண்பனின் தாத்தா, தன்னைப் பேரனைப்போல் நடத்தியவர் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. நாஜிக் குற்றங்களை விசாரிக்க 1958-இல் லுட்விக்ஸ்பர்க்கில் அமைக்கப்பட்ட மைய அலுவலகத்தின் ஆவணங்களில் விடை இருக்கிறது. மையர் ஒரு எஸ்.எஸ். அதிகாரி. இத்தாலியில் பழிக்குப் பழியாகக் கைதிகளைச் சுட உத்தரவிட்டவர். அப்படிச் சுடப்பட்டவர்களில் ஒருவர் கொலினியின் தகப்பனார்.

இதுவரை இது ஒரு பழிவாங்கும் கதை மட்டுமே. இத்தோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். கொலினி முதலில் துப்பாக்கியை எடுக்கவில்லை, புகார் கொடுத்தான் என்பதுதான் நாவலின் திருப்பம். காலவரம்பு கடந்துவிட்டது என்று வழக்கு மூடப்பட்டது.

நம் வாசகருக்கு இங்கே ஒரு இடறல். கொலைக்குக் காலவரம்பா? இந்தியாவில் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு வரம்பே வைக்கவில்லை. ஜெர்மனியில் அன்று கொலைக்கு இருபது ஆண்டு. 1945-லிருந்து எண்ணினால் 1965-இல் எல்லாம் முடிந்திருக்கும். பாராளுமன்றம் பெரிய விவாதத்துக்குப் பிறகு 1949 இறுதியிலிருந்து எண்ணலாம் என்று முடிவு செய்தது. 1969-இல் வரம்பு முப்பதாண்டானது. 1979-இல் கொலைக்கு வரம்பே இல்லை என்றாயிற்று. மனச்சாட்சியின் வரலாறாக இந்த விவாதங்களைத்தான் பாடப் புத்தகங்கள் சொல்லும். எல்லோரும் முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கொல்லைக் கதவு திறந்தது.

அது எப்படி என்று பார்க்க, ஜெர்மானியக் கோர்ட்டுகள் கொலையாளியையும் உடந்தையையும் பிரித்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். செயலை எந்தக் கை செய்தது என்பதை அல்ல, அதை யார் தன் செயலாக விரும்பினார் என்பதை அவை பார்த்தன. இதன் உச்சம் ஸ்டாஷின்ஸ்கி வழக்கு. 1957-லும் 1959-லும் மியூனிக்கில் இரண்டு உக்ரேனிய அரசியல்வாதிகளை விஷம் பீய்ச்சும் துப்பாக்கியால் தன் கையாலேயே கொன்ற சோவியத் உளவாளி அவன். 1962-இல் உச்ச நீதிமன்றம் அவனை வெறும் உடந்தை என்றது. கொலையாளிகள் மாஸ்கோவில் இருந்தார்களாம். எட்டாண்டுத் தண்டனை. பனிப்போருக்கு வசதியான இந்தத் தீர்ப்பு நாஜி வழக்குகளுக்கும் வசதியாக இருந்தது. ஹிட்லர், ஹிம்லர், ஹைட்ரிக் கொலையாளிகள். மற்றவர்கள் அநேகமாக எல்லோருமே உடந்தை. ஒரு தேசமே மூன்று பிணங்களுக்கு உடந்தையாக இருந்தது போல.

1968 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. பெயரைக் கேட்டாலே தூக்கம் வரும்: ஒழுங்கு மீறல்கள் சட்டத்துக்கான அறிமுகச் சட்டம். போக்குவரத்து மீறல் போன்ற சில்லறைக் குற்றங்களை அபராதத்தோடு முடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு என்றுதான் உறுப்பினர்கள் நினைத்துக் கை தூக்கினார்கள். அதில் உடந்தை பற்றிய ஒரு திருத்தமும் இருந்தது. கொலையைக் கொலையாக்கும் தனிப்பட்ட இயல்பு - உதாரணமாக இழிந்த நோக்கம் - உடந்தையாக இருந்தவனிடம் இல்லையென்றால் அவனுடைய தண்டனையைக் கட்டாயம் குறைக்க வேண்டும். முன்பு குறைக்கலாம், இப்போது குறைத்தே ஆகவேண்டும். ஆகவே ஆயுள் தண்டனை பதினைந்தாண்டாகிறது. பதினைந்தாண்டுக் குற்றத்துக்குக் காலவரம்பும் பதினைந்து ஆண்டுதான். 1945 மே மாதத்திலிருந்து எண்ணினால் 1960 மே 8-ஆம் தேதியோடு எல்லாம் காலாவதி! எட்டு வருஷம் முன்பே செத்துப்போன வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்ததாக அரசு வழக்கறிஞர்கள் ஒருநாள் காலையில் தெரிந்துகொண்டார்கள்.

1969 மே 20-ஆம் தேதி, கிராக்கோவில் யூதர் விவகாரப் பிரிவில் வேலை பார்த்த ஒரு போலீஸ்காரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாசிப்பை உறுதிப்படுத்தியது. படுகொலையைத் திட்டமிட்ட ரைஷ் பாதுகாப்புத் தலைமையகத்தின் அதிகாரிகள் மீது பெர்லினில் 1963 முதல் சேர்த்த பெரிய வழக்கு பெரும்பாலும் சரிந்தது. தீர்ப்பின் விளைவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கொடூரமான, அல்லது வஞ்சகமான கொலைக்கு அது தெரிந்தே உதவியவனை இன்னும் தண்டிக்கலாம், ஏனெனில் அவை செயலின் இயல்புகள். வெறுப்பு ஆளின் இயல்பு. அவனிடம் அது இருந்ததாக நிரூபிக்க வேண்டும். யாரையும் வெறுக்காமல், மேஜைக்கு வந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் தப்பினான். தஸ்தாயெவ்ஸ்கியின் ரஸ்கோல்னிகோவுக்குச் சித்தாந்தமும் ஜுரமும் தேவைப்பட்டன. இந்த மனிதர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. அந்த இல்லாமையே அவர்களுக்கு மன்னிப்பாகிவிட்டது.

திருத்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் எட்வர்ட் ட்ரேயர். நீதி அமைச்சகத்தின் குற்றவியல் சட்டச் சீர்திருத்தத்தில் முன்னணி அதிகாரி. நாஜிக் காலத்தில் இன்ஸ்ப்ரூக் விசேஷக் கோர்ட்டில் அரசு வழக்கறிஞராக இருந்து சில்லறைக் குற்றங்களுக்கும் மரண தண்டனை கேட்டவர். குற்றவியல் சட்டத்துக்கு அவர் எழுதிய உரைநூல் தலைமுறைகளாக வக்கீல்களின் மேஜையில் கிடந்தது. 1996-இல் காலமானார். தெரிந்தே அந்த வாக்கியத்தை நுழைத்தாரா என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. நாவல் அவர் பெயரையே சொல்லிக் குற்றம்சாட்டுகிறது. வக்கீல் எழுதிய நாவலில் சந்தேகத்தின் பலன் ஒருவருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. அதே சமயம், நாவலில் எனக்குப் பிடித்த ஒரே ஆவேசமும் இதுதான்.

இந்த ஆவேசம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஹிட்லர் இளைஞர் படையின் தலைவராக இருந்து, பிறகு வியன்னாவை ஆண்டு, அங்கிருந்த யூதர்களை நாடுகடத்திய பால்டுர் ஃபான் ஷிராக் இவருடைய தாத்தா. நியூரம்பர்கில் இருபதாண்டுத் தண்டனை பெற்று 1966-இல் ஸ்பாண்டாவ் சிறையிலிருந்து வெளிவந்தவர். 1974-இல் அவர் இறந்தபோது பேரனுக்குப் பத்து வயது. நாவலில் மையரின் பேத்தி கடைசியில் லைனனிடம் கேட்பது, தாத்தா செய்ததெல்லாம் தானும்தானா என்பதைத்தான். லைனனின் பதில் ரொம்பச் சுருக்கம், ஆறுதலாகவும் இருக்கிறது. அது நாவலாசிரியர் தனக்கே சொல்லிக்கொண்ட பதில் என்பதால் நான் அதை முழுதாக நம்பவில்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். தீர்ப்பு வருவதற்கு முன்பே கொலினி தற்கொலை செய்துகொள்கிறான். வழக்கு முடிகிறது. உண்மையில் எழுந்து நிற்கும் கேள்வி, சட்டம் கைவிட்டவன் கையில் எடுத்த நீதியைச் சட்டம் எப்படி எடைபோடும் என்பது. அந்தக் கேள்வியிலிருந்து கோர்ட்டும் வாசகனும் ஆசிரியரும் ஒரே நேரத்தில் விடுவிக்கப்படுகிறார்கள். இதுவும் ஒரு வகைக் காலாவதிதான்.

நாவலுக்கு மிக அருகில் ஒரு நிஜ வழக்கும் உண்டு. 1944 மே மாதம் ஜெனோவா அருகே துர்கீனோ கணவாயில் 59 கைதிகளைச் சுட்டுக்கொன்றதற்காக, அங்கே எஸ்.எஸ். தலைவராக இருந்த ஃப்ரீட்ரிக் எங்கலுக்கு ஹாம்பர்க் கோர்ட் 2002-இல் ஏழாண்டு கொடுத்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கொடூரம் நிகழ்ந்தது சரி, அதற்குரிய மனநிலை போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லையாம். மறு விசாரணைக்கு அவர் வயது இடம் தரவில்லை. 2006-இல் இறந்தார்.

நாவல் வந்த மறு வருஷம், 2012 ஜனவரியில், நீதி அமைச்சகம் தன் கடந்தகாலத்தை ஆராய ஒரு சுதந்திரக் குழுவை நியமித்தது. அதற்கான தூண்டுதல்களில் இந்த நாவலும் ஒன்று என்று பிந்திய பதிப்புகள் குறிப்பிடுகின்றன. குழுவின் அறிக்கை 2016-இல் வந்தது. 1957-இல் அமைச்சகத்தின் உயர் அதிகாரிகளில் 77 சதவீதம் பேர் முன்னாள் நாஜிக் கட்சி உறுப்பினர்கள் என்றது அது. அதற்கு முந்திய ஆண்டு, ஆஷ்விட்ஸில் கைதிகளின் பணத்தை எண்ணிக் கணக்கெழுதிய ஆஸ்கார் குரோனிங் என்பவருக்கு, மூன்று லட்சம் கொலைகளுக்கு உடந்தை என்று லூனபர்க் கோர்ட் நான்காண்டு கொடுத்திருந்தது. அவருக்கு அப்போது வயது 94. சிறைக்குப் போவதற்கு முன்பே 2018-இல் இறந்துவிட்டார்.