முதுமையில் உடல் வலு

வயது ஏறினாலும் நடையும் தசை பலமும் தடுமாறாத நிலையும் குறையாமல் உடலைப் பேணுதல். நடுவயதிலிருந்தே தசை மெல்லக் கரைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. ஆனால் எந்த வயதிலும் பயிற்சிக்குத் தசை இணங்கும்.

புதுச்சேரியிலேயே இதற்குச் சான்று உண்டு: தாவோ போர்ஷோன்-லிஞ்ச் (1918–2020). பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் பாண்டிச்சேரியில் உறவினரிடம் வளர்ந்தவர். எட்டு வயதில் கடற்கரையில் சிறுவர்கள் ஆசனம் போடுவதைப் பார்த்துத்தான் யோகாவில் ஆசை வந்தது என்பார். 2012-இல், 93 வயதில், உலகின் மிக மூத்த யோகா ஆசிரியர் எனக் கின்னஸில் இடம்பெற்றார். எண்பதைத் தாண்டியபின் நடனப் போட்டிகளில் வேறு இறங்கினார். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைகூட அவரை உட்காரவைக்கவில்லை. 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். கோவையின் மூத்த யோகா ஆசிரியர் நானம்மாளுக்கு முந்தைய ஆண்டே அந்த விருது கிடைத்திருந்தது.

இருவரும் விதிவிலக்குகள்தான்.

மற்றவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் போதும்: 65 வயதுக்கு மேல் வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. கடைசியதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பல முதியவர்களை முடக்குவதோ கீழே விழுதல். புதுச்சேரியின் கனகசெட்டிக்குளம் போன்ற கடலோர ஊர்களில் மணலில் நடப்பது கால்களுக்கு நல்ல வேலை. முழங்கால் வலி உள்ளவர்கள் சரிவில்லாத கெட்டித் தரையில் நடக்கலாம்.