குக்கரின் பூர்வோத்தரம்

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் உட்கார்ந்து, தொடர்கதையின் அத்தியாயம் ஒன்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். அடுப்பில் துவரம் பருப்பு. வெகு நேரமாகியும் குக்கர் விசில் அடிக்கவில்லை. "சூடு போதவில்லை போலிருக்கிறது" என்று என் மனைவி தீயைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே வந்தாள். சற்றைக்கெல்லாம் சமையலறையில் ஒரு பெருஞ்சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பாதிப் பருப்பு கூரையில் இருந்தது! குக்கர் மட்டும் மூடி கழலாமல் அடுப்பின்மேல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. மூடியிலுள்ள சேஃப்டி வால்வின் நடுவே ஒரு துவாரம்.

"மட்டமான வால்வைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அண்டை வீட்டு நண்பர் ஒரு யோசனை சொன்னார்: "புது வால்வு எதற்கு? ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கி அடைத்துவிடுங்கள். இந்த ஜன்மத்தில் தொந்தரவு இராது." நானும் போல்ட் கேட்கத்தான் ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த தடவை அம்மா பக்கத்தில் நிற்கும்போது இது குண்டாக வெடிக்கும், சார். பரவாயில்லையா?" என்றார். பிறகு மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வெயிட் உட்காரும் குழாயைக் காட்டினார். மறுபுறம் வெளிச்சம் தெரியவில்லை, பருப்பு அடைத்திருந்தது. ஆவி போக வழியில்லாமல் உள்ளே அழுத்தமும் சூடும் ஏறிக்கொண்டே போயிருக்கின்றன. வால்வின் நடுவிலிருந்த மெல்லிய உலோகம் உரிய சமயத்தில் உருகி வழிவிட்டிருக்கிறது. வீட்டைக் காத்ததைத்தான் நான் திட்டிக் கொண்டிருந்தேன்!

ஆவிக்கு வழிவிட்டு ஆளைக் காக்கும் இந்த யோசனைக்கு 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1647-ல் பிறந்தவர், வைத்தியம் படித்தவர். லண்டனில் ராபர்ட் பாயிலிடம் வேலை பார்த்த அவர், 1679-ல் ராயல் சொஸைட்டியின் முன்னால் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். இறுக மூடிய பானை, எலும்பையும் கூழாக்கும். மூடியில் ஒரு துவாரம். அதன்மேல் எடை தொங்கும் ஒரு நெம்புகோல். ஆவியின் பலம் எடையை மிஞ்சினால், துவாரம் தானே திறந்துகொள்ளும். நம் குக்கரின் வெயிட் இதன் வாரிசுதான்.

பானையின் சூட்டை அவர் அளந்த விதம் இன்னும் வேடிக்கை. மூடியிலுள்ள ஒரு குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். அது வற்றுவதற்குள், மூன்றடி நூலில் கட்டிய குண்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவார். அவ்வளவுதான்!

1682 ஏப்ரலில் அந்தப் பானையில் சமைத்து ராயல் சொஸைட்டி அங்கத்தினர்களுக்கு விருந்தே வைத்தார். எட்டு அவுன்சுக்கும் குறைந்த கரியில் கெட்டி எலும்பெல்லாம் பாலாடைக்கட்டி போல் மிருதுவானதை, விருந்துண்ட ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதி வைத்தார்.

1690-ல், ஆவியைக் கொண்டு உருளைக்குள் பிஸ்டனை இயக்கலாம் என்று எழுதியவரும் பாப்பின்தான். ஆனால் அதிர்ஷ்டம் அவர் பக்கம் இல்லை. 1707-ல் ஜெர்மனியில் அவர் ஏறிவந்த துடுப்புச் சக்கரப் படகைப் படகோட்டிகள் உடைத்துப் போட்டார்கள். லண்டனுக்குத் திரும்பி, வறுமையில் வாடி, 1713-ல் கண்ணை மூடினார். ஆவி யந்திரங்கள் உலகத்தை ஆண்டது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை.

"பானைக்கு ஒரு வழி வைத்தாரே, அந்த மனிதருக்கு யாரும் ஒரு வழி செய்யவில்லையே!" என்றாள்.

பிறகு குக்கர் மூடியை எடுத்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, குழாயில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. அதன் பின்புதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.