ஞானப்பல்லைப் பிடுங்குவதா, விடுவதா?

வானொலி உரையில் நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். "ஞானப்பல்லைப் பிடுங்கமாட்டம் எண்டு சொல்லுறாங்கள், காசு மிச்சம்பிடிக்கத்தானே?" என்று எங்கள் சனம் அடிக்கடி கேட்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போய் நோகாத பல்லையும் பிடுங்கிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஈதர் மயக்கத்தில் நடந்த ஆரம்பகாலச் சத்திரசிகிச்சைகளில் ஒன்று பல் பிடுங்கல்தான். 1846 டிசெம்பர் 19இல், லண்டன் கவர் வீதியில் டொக்டர் பூட்டின் வீட்டில், பல்வைத்தியர் ஜேம்ஸ் றொபின்சன் ஒரு பெண்ணின் கடைவாய்ப்பல்லை எடுத்தார்.

எலும்புக்குள் புதைந்த ஞானப்பல் குறட்டுக்கு அகப்படாது. முரசைக் கீறி எலும்பைத் திறக்கவேண்டும். சேர் வில்லியம் கெல்சி ஃபிறையின் முறையை 1956இல் ரெறன்ஸ் வோட் எழுதிவைத்தார். உளியும் சுத்தியலும் கொண்டு நாக்குப்பக்க எலும்பைப் பிளந்து பல்லைப் புரட்டி எடுப்பது! கேட்கத் தச்சுவேலை போலிருக்கும். ஆனால் பயின்ற கைக்கு அது விரைவான வேலை. நாக்கு நரம்பு பக்கத்திலேயே ஓடுவதுதான் வில்லங்கம். பிறகு சுழலும் துளைகருவியால் எலும்பைக் குறைத்து, பல்லைத் துண்டாக்கி எடுப்பது வழக்கமாயிற்று. வேர் தாடை நரம்போடு ஒட்டியிருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டி வேரை விட்டுவிடலாம். இதனால் நரம்புக் காயம் குறைகிறது என்று 2005இல் லண்டன் ஆய்வொன்று காட்டியது.

2000 மார்ச்சில் 'நைஸ்' நிறுவனம் தன் முதலாவது சிகிச்சை மதிப்பீட்டை வெளியிட்டது. நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்கும் வழக்கத்தை என்.எச்.எஸ். நிறுத்தவேண்டும் என்றது. செலவும் கணக்கில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கணக்காளன் நான் சொல்கிறேன், சொண்டோ நாக்கோ ஆயுளுக்கும் விறைத்துப்போனால் அதை எந்தப் பக்கத்தில் பதிவது? எனினும் பின்னாளில், வயது கூடி, பக்கத்துப் பல்லும் சூத்தையான நிலையில் பலர் வருவதாக லண்டன் வைத்தியர்களே எழுதினார்கள். ஆகவே "விடு" என்றால் "மறந்துவிடு" என்று அர்த்தமல்ல; பரிசோதனைக்குத் தவறாமல் போகவேண்டும்.

பிடுங்கினால், குழியை மூடும் இரத்தக்கட்டிதான் மருந்து. முதல்நாள் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது, சிகரெட் கூடவே கூடாது. மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத்தண்ணீர். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வந்து வற்றும். அதன்பிறகு நோ குறையாமல் கூடினால் கட்டி கழன்றிருக்கலாம். அம்மம்மாவின் கராம்பெண்ணெயை நீங்களே ஊற்றவேண்டாம், வைத்தியரிடம் போங்கள். சம்மதப் படிவத்தில் நரம்பு பற்றிய வரியை, பிள்ளையை வைத்தல்ல, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப்பெற்று விளங்கிய பின்பே ஒப்பமிடுங்கள்.